கார்டுகளின் பின்பக்கம்

ஜனவரி 5, திங்கள்

எழுந்ததும் முதல் வேலை, கடைச் சாவிக் கொத்திலிருந்து நீல வளையத்தைக் கழற்றியது. 'விழிச்சுடர்' என்று வெள்ளையில் எழுதிய பிளாஸ்டிக் வளையம். பல்கூடத் தேய்க்கவில்லை. நகம் ஒடிந்தது. ஏன் அதிலிருந்து ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. கம்பெனி கொடுத்த பட்டியலில் சாவி வளையம் இல்லவே இல்லை.

காற்று. மூன்று நாளாக ஒரே அடி. தோப்பில் மட்டை விழும் சத்தம். ஈஸ்வரன் காப்பி குடித்துக்கொண்டே எண்ணிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். மார்கழிக் காலையில் எங்கள் பேச்சு இவ்வளவுதான்: "ஏழு." "எட்டுங்க."

விழிச்சுடர் கண்ணாடிக் கம்பெனியோடு கடைக்கு இருந்த ஒப்பந்தம் டிசம்பர் கடைசியோடு முடிந்தது. பதினான்கு வருடம். புதுப்பிக்கவில்லை. கடை சின்னதாம், பாலக்காட்டில் பெரிய ஷோரூம் வருகிறதாம். சண்டை ஒன்றும் இல்லை. கடிதம் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். 14-ஆம் தேதிக்குள் செய்து முடிக்க வேண்டியவை:

1. போர்டு இறக்க.
2. சுவரின் நீலத்தை மாற்ற. வெளியே, உள்ளே இரண்டும்.
3. முத்திரை போட்ட கண்ணாடிக் கூடு, துடைக்கும் துணி, பை, ரசீதுப் புத்தகம் எல்லாம் திருப்ப.
4. கடை போன் நம்பர் கம்பெனிக்கு.
5. பரிசோதனைக் கையேடு, சட்டை, பேட்ஜ்.
6. ஒரு வருடத்துக்கு இந்தச் சித்தூர் தாலுகாவில் இதே தொழில் கூடாது.
7. வாடிக்கையாளர் கார்டுகள். அசல். எல்லாமும். நகல் வைத்துக்கொள்ளக் கூடாது.
8. மேற்கண்டவை முடிந்தன, கைவசம் வேறெதுவும் இல்லை என்று உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து.

எட்டாவது ஆனால்தான் விடுவிப்புக் கடிதம். அந்தக் கடிதம் இருந்தால்தான் பொள்ளாச்சி கண் ஆஸ்பத்திரியில் வேலை. பிப்ரவரி முதல் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், தாலுகாவுக்கு வெளியே, அதனால் ஆறாவதும் தடுக்காது. அறையைப் போய்ப் பார்த்தேன். ஜன்னல் ஓரம் நாற்காலி, வெளியே ஒரு வேப்பமரம். எனக்குக் கண் பரிசோதிப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

வாங்க: வெள்ளை பெயிண்ட், உப்புத்தாள், அட்டைப் பெட்டி ஆறு, சணல் கயிறு. ஈஸ்வரனுக்கு இருமல் மருந்து.

ஜனவரி 6, செவ்வாய்

போர்டு இறங்கியது. பெயிண்டர் ஆறுச்சாமி அண்ணன் ஏணியில், நான் கீழே கயிறு பிடித்துக்கொண்டு. காற்றில் தகரம் படகுப் பாய் மாதிரி அடித்தது. மலையாள எழுத்து ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம். கீழே படுக்கவைத்தபோது எவ்வளவு பெரிது! இத்தனை நாள் தலைக்கு மேல் இதுவா இருந்தது!

பின்னால் இருந்த கொக்கியில் ஒரு உலர்ந்த பொதி.

"ஏனுங்க சுடரக்கா, இதென்னுங்க, குருவிக் கூடாட்டம்?"

குருவிக் கூடு இல்லை. காப்புக் கட்டு. பொங்கலுக்கு முந்தின நாள் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ சேர்த்து வீட்டுக்கும் தோட்டத்துக்கும் கடைக்கும் கட்டுவதில், கடைக்குக் கட்டினதை நான் ஒரு வருடமும் அவிழ்த்ததில்லை. ஒன்றின் மேல் ஒன்று. பதினான்கு. தொட்டதும் பொடியாகிக் காற்றில் போனது. ஆவாரங் குச்சி மட்டும் மிச்சம். அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். எதற்கோ.

ஆறுச்சாமி அண்ணனிடம் சொன்னேன், "இனி சுடரக்கான்னு கூப்புடக் கூடாதுங்கண்ணா. அது கம்பெனி பேரு."

"போர்டத்தானுங்க எறக்கச் சொன்னாங்க? பேர எறக்கணும்னா எங்கிட்ட இருக்கற ஏணி பத்தாதுங்க."

பக்கத்து ஜெராக்ஸ் கடை சுகுமாரன் சேட்டன் வாசலில் நின்று கேட்டார், "இனி எந்தா விளிக்கண்டே, சேச்சி?"

"கலாமணின்னு கூப்புடுங்க."

"கலாமணியோ? அது ஆரா?"

சாயங்காலம்வரை வெள்ளை இரண்டு கோட்டு. நீலம் இன்னும் எட்டிப் பார்க்கிறது. "பிடிவாதக்கார நீலமுங்க இது" என்கிறார் ஆறுச்சாமி அண்ணன். நாளைக்கு மூன்றாவது கோட்டு.

இருமல் மருந்து மறந்துவிட்டது.

ஜனவரி 7, புதன்

சகாயராஜ் சார் வந்தார். கம்பெனியின் பகுதி அதிகாரி. ஐம்பத்து மூன்று வயது. மூணாறு பக்கம் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பாலக்காடு, இடுக்கி இரண்டும் அவர் பொறுப்பு, ஒன்பது வருடமாக இங்கே வருகிறார். இன்றைக்குப் போல ஒருநாளும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்ததில்லை. துக்க வீட்டுக்கு வந்த மாதிரி.

நான்கு மூலையிலிருந்தும் சுவரைப் படம் எடுத்தார். "என்ன செய்ய மேடம், மேல இருந்து இப்படித்தான் எடுக்கச் சொல்லுதாங்க. நீங்க போட்டோவுல வராதீங்க, சித்த ஓரமா நில்லுங்க. வருத்தமா இருக்கு."

கூடுகள், துணிகள், பைகள் எண்ணி முடித்தோம். என் சொந்தக் கண்ணாடியின் கூட்டிலும் முத்திரை இருந்தது. கண்ணாடியை எடுத்துக்கொண்டு கூட்டை நீட்டினேன். பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெட்டியில் நானே போட்டேன். கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன்.

கடைசியில் கார்டுகள். மேஜையின் மூன்று டிராயர் நிறைய. ஊர் வாரியாகக் கட்டி வைத்தவை. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, எருத்தேம்பதி, கோபாலபுரம். முன்பக்கம் கம்பெனி அச்சடித்த கட்டங்கள். பெயர், வயது, வலது, இடது, பவர், தேதி. இங்கே யாரும் கண்ணாடிச் சீட்டை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. "எங்க கார்டுதான் உங்ககிட்ட இருக்குதுல்லங்க" என்பார்கள். அவ்வளவுதான்.

'வெளியூர்' என்று எழுதிய கட்டை அவர் பிரித்தார். எண்ண ஆரம்பித்தவர் நின்றார். அவருடைய கார்டே கையில் வந்துவிட்டது. நான்கு வருடத்துக்கு முன் கிட்டப் பார்வைக்கு இங்கேதான் பார்த்தேன். சும்மாதான் திருப்பினார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பின்பக்கம்.

என் எழுத்து. பென்சிலில்:

சகாயராஜ் சார். மகள் நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டாள். கண் நிறைந்து எழுத்துகளைத் தப்பாகச் சொன்னார். இன்றைய அளவு செல்லாது, அடுத்த முறை திரும்பப் பார். மகளைப் பற்றிக் கேட்காதே. மழையைப் பேசு.

கண்ணாடியை மூக்கில் சரியாக ஏற்றிக்கொண்டு மறுபடி படித்தார். எனக்குக் காது மடல் சுட்டது. வெளியே காற்றில் ஏணி மட்டும் சுவரில் தட்டிக்கொண்டிருந்தது.

"அதான் மழையா?"

நான் மேஜை டிராயரைத் தள்ளி மூடினேன்.

"நாலு வருசமா பாத்தா, வந்து உக்காந்த உடனே 'மூணாறுல மழை எப்படி சார்'னு கேப்பீங்க. சித்திரை வெயில்லயும் கேட்டீங்க மேடம். சித்தூர் மேடத்துக்கு மழைன்னா ரொம்பப் பிரியம்னு வீட்டுல சொல்லி வச்சிருக்கேன்."

சிரித்துவிட்டார். நானும். சிரித்து முடித்ததும் என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"எல்லாத்துலயும் எழுதிருக்கீங்களா?"

"பாதிக்கு மேலங்க சார்."

"ஆபீஸ்ல ரெண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து ஏத்துவாங்களே. போன் எடுக்குற பிள்ளைக வரைக்கும் எல்லாரும் பாக்கலாம்."

அடுத்த கார்டை அவர் திருப்பவில்லை. அதைக் கவனித்தேன். கட்டை மறுபடி கட்டினார். தன் கார்டைச் சட்டைப் பையில், பேனாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "இது என் கார்டுதான?" என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை.

"கார்டு கணக்கைப் பதினாலாந் தேதி எடுத்துக்கிடலாம் மேடம். பதினோரு மணி பஸ்ஸுல வாரேன்."

படி இறங்கிச் செருப்பு மாட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: "அவ இப்ப மறுபடி படிக்கா. தேனியில. இனிமே கேக்கலாம்."

ஜனவரி 8, வியாழன்

காற்று கொஞ்சம் குறைவு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லாக் கார்டுகளையும் மேஜையில் பரப்பினேன். ஆயிரத்துச் சொச்சம்.

எப்படி ஆரம்பித்தது? முதல் வருடம். எருத்தேம்பதியிலிருந்து ஒரு அம்மா. முந்தின தடவை வந்தபோது மகன் சவுதியில் இருப்பதைப் பெருமையாகச் சொல்லியிருந்தார். அடுத்த தடவை ஃபிரேம் சரி பார்த்துக்கொண்டே நான் கேட்டேன், "பையன் எப்ப வர்றாருங்க?" அவர் முகம் பார்க்கும் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "வந்துட்டானுங்க. பொட்டியில வந்தான்."

ஃபிரேம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் கார்டைத் திருப்பி முதன்முதலாக எழுதினேன். மகனைக் கேட்காதே.

அவ்வளவுதான் உத்தேசம். ஒருவரையும் இரண்டாவது முறை குத்திவிடக் கூடாது. அது இப்படி வளரும் என்று நினைக்கவில்லை. இன்று படித்தவற்றில் சில:

ராமசாமி, கள்ளு இறக்குபவர். தூரப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. மனைவிக்குத் தெரிந்தால் மரம் ஏற விடமாட்டார். அடுத்த மாதம் கட்டாயம் வரச் சொல். (வந்தார். முன்பக்கத்தில் எட்டு வருட அளவு வரிசையாக.)

ஒரு டீச்சர். பவர் ஒன்றும் இல்லை. இருந்தும் கண்ணை மறைக்கிற மாதிரி பெரிய கண்ணாடி கேட்டார். கொடுத்தேன். வீட்டில் ஏதோ. கண்ணைப் பார்த்துப் பேசாதே.

வேலாத்தாள், வண்ணாமடை. எழுத்துத் தெரியாது. மருமகளிடம் தெரியும் என்று சொல்லியிருக்கிறார். எழுத்துப் பலகை வேண்டாம், விரலால் திசை காட்டும் பலகை போதும். மருமகள் கூட வந்தால் முதலில் அவளை டீ குடிக்க அனுப்பு.

ஈஸ்வரனுக்கும் ஒரு கார்டு. அதை இங்கே எழுதவில்லை.

மத்தியானம் சாப்பிடவில்லை. ஒரு விஷயம் உறுத்துகிறது. கம்பெனிக்காரர்கள் படிக்கக் கூடாது என்று நினைக்கிறேன். சரி. எழுத எனக்கு யார் சொன்னது? ஒருவரிடமாவது கேட்டேனா? அவர்கள் கண்ணைக் காட்டத்தானே வந்தார்கள்.

ஜனவரி 9, வெள்ளி

கோவைத் தலைமை அலுவலகத்துக்குப் போன். ஒரு பெண் குரல், நல்ல குரல்.

"கார்டோட பின்பக்கத்துல நான் சிலது எழுதி வெச்சிருக்கேனுங்க."

"பின்பக்கமா மேம்? பின்பக்கம்னு எங்க ஃபார்மட்ல ஒண்ணுமே இல்லையே மேம்."

"அதானுங்க. முன்பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்துத் தரட்டுங்களா?"

"ஒரிஜினல்னுதான் மேம் போட்டிருக்கு. கேட்டுச் சொல்றேன், லைன்ல இருங்க." பாட்டு. மூன்று நிமிடம் பாட்டு. "ஒரிஜினல்தான் மேம். வேற ஏதாவது உதவி வேணுமா மேம்?"

கறுப்பு மார்க்கர் வாங்கி வந்து பின்பக்க எழுத்தின் மேல் பூசிப் பார்த்தேன். ஐந்து கார்டு. மை முன்பக்கம் ஊறி, அளவுகளில் பாதி போய்விட்டது. ரப்பரால் அழித்துப் பார்த்தேன். பென்சில் போகிறது, அழுத்தின தடம் போகவில்லை. வெளிச்சத்தில் சாய்த்தால் தெளிவாகத் தெரிகிறது. நான் எப்போதும் அழுத்தித்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்திலேயே சொல்வார்கள்.

கெட்டுப்போன ஐந்தில் ஒன்று ராமசாமியுடையது. எட்டு வருட அளவு. அதில் கடைசி மூன்றுதான் தெரிகிறது. கண் டாக்டரிடம் போனால் அதைத்தான் முதலில் கேட்பார். மார்க்கரை மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐந்தின் அளவுகளும் என் நோட்டில் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். பழைய ஆர்டர் புத்தகத்தில் நான்கு கிடைத்தது. ஒன்று கிடைக்கவே இல்லை.

மூன்றாவது கோட்டு முடிந்தது. சுவர் வெள்ளை. கடை நோயாளி மாதிரி இருக்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

ஈஸ்வரனிடம் சொன்னேன். தோப்பில், மட்டைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சகாயராஜ் சார் விஷயம் தவிர எல்லாம் சொன்னேன்.

"இதுக்கா இத்தன வெசனம்? மட்டைய எரிக்கறப்ப அதையும் போட்டுர்றேன். கரையான் தின்னுருச்சுன்னு எழுதிக் குடு. நம்மூர்ல கரையான் தின்னுச்சுன்னா ஆரு நம்ப மாட்டீங்கறாங்க?"

"அளவெல்லாம் போயிருமுங்க. அவங்க கண்ணோட கணக்கு அது ஒண்ணுதான்."

"அப்பக் குடுத்துரு. கோயமுத்தூர்க்காரன் வேலாத்தாளத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறான்?"

"உங்களத் தெரிஞ்சா?"

"என்னையா? எம்பட கார்டுல என்ன எழுதியிருக்கற?"

"ஒண்ணுமில்லீங்க."

நெருப்புக்கு இந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்தார். அப்புறம் இருமினார். மருந்து வாங்கிக் கொடுத்தாகிவிட்டது, குடிப்பதில்லை.

கரையான் என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. பொள்ளாச்சியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "எந்த எழுத்து தெரியுது, மறைக்காம சொல்லுங்க" என்று தினமும் கேட்க வேண்டும். மறைக்காமல்.

துவரை உரிக்க வேண்டும். புது அரிசி வந்துவிட்டது. அக்காவுக்குப் போன்.

ஜனவரி 12, திங்கள்

காற்று மறுபடியும். கதவைத் திறந்து வைக்க முடியவில்லை. பத்து மணி இருக்கும், வெளியே யாரோ போவதும் வருவதுமாக நிழல். எட்டிப் பார்த்தால் வேலாத்தாள்.

"அக்கோவ்! இங்கதானா இருக்கறீங்க? நீலக் கடையக் காணோமுங்க. பஸ் ஸ்டாண்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரெண்டு வாட்டி நடந்துட்டன். ஆருகிட்டயாவது கேக்கலாம்னா, போர்டு இருக்குமே பாத்துப் போம்மாம்பாங்க."

எனக்குத் தோன்றவே இல்லை. போர்டு படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த நீலம்தான் போர்டு. மூன்று கோட்டு அடித்து மறைத்தது அதைத்தான்.

என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மில்லுக்கு வேலைக்குப் போகிறவர், இருந்தாலும் நான் அக்காதான். கண்ணாடியின் திருகு விழுந்து, ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். பழைய டப்பாவில் தேடி ஒரு திருகு போட்டு முடுக்கிக் கொடுத்தேன். ஆறாவது விதி. திருகு முடுக்குவது தொழிலா? ஆமாம் என்றால் ஆமாம்.

ஒப்பந்தம் முடிந்ததைச் சொன்னேன். மேஜை மேல் கட்டுக்கட்டாகக் கார்டுகளைப் பார்த்தார்.

"என்ற கார்டு பத்தரமா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"பொறத்தால என்னமோ எழுதுவீங்களே. நானு எந்திரிச்சுப் போனதுக்கப்பறம். கதவுகிட்ட நின்னு பாத்திருக்கறன். என்னுங்க எழுதுனீங்க?"

பார்த்திருக்கிறார்கள். யாருக்கும் தெரியாது என்று நான்தான் பதினான்கு வருடம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எடுத்து வாசித்துக் காட்டினேன். ஒரு சொல் விடாமல். டீ குடிக்க அனுப்பு என்ற இடம் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அதானா! மூணு தடவையும் 'நீ போயி டீ குடிச்சுட்டு வா கண்ணு'ன்னு அவளத் தொரத்துனீங்க. சுடரக்கா தங்கமானவங்க அத்தே, காசு குடுத்து டீ குடிக்கச் சொல்றாங்கன்னு அவ ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா."

அப்புறம் சிரிப்பு நின்றது. "இது இனி ஆருகிட்டப் போகுதுங்க?"

"கோயமுத்தூர் ஆபீசுக்கு."

"அங்க ஆரு படிப்பாங்க?"

"தெரியாதுங்க."

கையை நீட்டினார். "அப்ப எனக்குத் தாங்க. எங்கண்ணுதானுங்களே."

பதினாலாம் தேதிக்கு அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னேன். சரிங்க என்று போய்விட்டார். போனதும், நீட்டிய அந்தக் கைதான் கண்ணில் நிற்கிறது. ஒரு கார்டு. கொடுத்திருக்கலாம். அவர் கேட்டார், நான் ஒப்பந்தத்தைப் பார்த்தேன். இல்லை, பொள்ளாச்சி ஜன்னலைப் பார்த்தேன். உள்ளதை இங்கேயாவது எழுத வேண்டும்.

ஜனவரி 13, செவ்வாய்

காலை பத்து மணிக்குக் கடை நம்பர் கம்பெனிக்கு மாறியது. என் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன். பாட்டு, அப்புறம் அந்த நல்ல குரல்: "விழிச்சுடருக்கு வரவேற்கிறோம்." என் கடைக்கு நானே போன் பண்ணி வரவேற்பு வாங்கிக்கொண்டேன்.

கார்டுக் கட்டுகளைச் சுகுமாரன் சேட்டன் கடைக்குத் தூக்கிப் போனேன். முன்பக்கம் மட்டும், ஒரு தாளில் நாலு நாலாக.

"பின்பக்கம் வேண்டே?"

"வேண்டாங்க."

ஒரு கார்டைக்கூட அவர் திருப்பிப் பார்க்கவில்லை. முடிய மூன்று மணி ஆனது. இது எதற்கு என்று என்னை நானே இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை. கை செய்கிறது, செய்யட்டும்.

சாயங்காலம் வெயில் இருக்கும்போதே ஈஸ்வரன் வண்டியோடு வந்துவிட்டார். தாள்களை நம்பர் வரிசையில் அடுக்க வேண்டும். அவர் கார்டு நம்பரை வாசிக்க, நான் தாளில் டிக் போட. கார்டைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டி, கழுத்தைப் பின்னால் சாய்த்து வாசித்தார். ஏழு என்பதை ஒன்று என்றார். மூன்றை எட்டு என்றார். என் வாசிப்புக் கண்ணாடியைக் கழற்றி அவர் பக்கம் தள்ளினேன். எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அட!"

அவ்வளவுதான். அதற்கப்புறம் தப்பே வரவில்லை. என் கண்ணாடி அவர் முகத்தில் சின்னதாக, கொஞ்சம் கோணலாக. மூக்குத் தாங்கியை நெருக்கிச் சரி செய்ய வேண்டும் போல இருந்தது.

சித்தூர்க் கார்டுகளில் பாதி வந்தபோது குரல் நின்றது. அவருடைய கார்டு. திருப்பிவிட்டார். கண்ணாடி வேறு போட்டிருக்கிறார். படித்தார். அதில் இருந்தது:

ஈஸ். கிட்டத்து எழுத்து தெரியவில்லை. ஒத்துக்கொள்ள மாட்டார். சொன்னால் வருத்தப்படுவார், அவர் அப்பாவுக்குக் கண் போனதை நினைத்துக்கொள்வார். தூங்கும்போது போனில் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டேன். "இந்த போன் நல்ல போன், கலா" என்கிறார்.

தெருவில் பூளைப்பூ விற்கிறவள் குரல். பிறகு, கார்டைப் பார்த்தபடியே:

"அப்ப அது நல்ல போன் இல்லியா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவருக்கும். ஒருவரை ஒருவர் பார்க்காமல் அடுத்த கட்டை எடுத்தோம். "ஆயிரத்து நாப்பத்தொண்ணு." டிக். "ஆயிரத்து நாப்பத்திரண்டு." டிக். அவர் கார்டு மறுபடி கட்டில் சேரவில்லை. எங்கே வைத்தார் என்று நான் பார்க்கவில்லை.

வண்டியில் வரும்போது கேட்டார், "இதெல்லாம் என்ன பண்றதா இருக்கற?"

"தெரியலீங்க."

"கரையான்னு எழுத வேண்டாம்" என்றார். "நாஞ் சொன்னது தப்பு."

ஜனவரி 14, புதன்

விடியலில் தோப்புக்கும் வீட்டுக்கும் காப்புக் கட்டியாகிவிட்டது. அப்புறம் கடை. கொக்கி போர்டோடு போய்விட்டது. ஷட்டர் கைப்பிடியில் கட்டினேன். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ. உள்ளே அந்தப் பழைய குச்சியையும் வைத்துக் கட்டினேன். வெள்ளைச் சுவருக்கு மஞ்சள் பூ எடுப்பாக இருக்கிறது. படிக்கத் தெரியாதவர்கள் இதைப் பார்த்து வரலாம், இன்றைக்கு மட்டும். தெரு முழுக்க எல்லாக் கடையிலும் இதே பூ என்பது அப்புறம்தான் உறைத்தது.

மணி பத்தேகால். மேஜை மேல் இரண்டு அடுக்கு. இந்தப் பக்கம் நகல்கள், பெட்டியில், கயிறு போட்டு. அந்தப் பக்கம் கார்டுகள். நடுவில் உறுதிமொழிப் படிவம்.

படிவத்தின் கடைசி வரி: மேற்கண்டவை அனைத்தும் ஒப்படைக்கப்பட்டன. கைவசம் வேறெதுவும் இல்லை.

அந்த வரியை அடித்துவிட்டு எழுதப்போவது இது. பலமுறை மனதில் எழுதிப் பார்த்துவிட்டேன். வாடிக்கையாளர் கண் அளவுகள் முழுவதும் நகலாக இத்துடன். கார்டுகளின் பின்பக்கத்தில் நானாக, அவர்களைக் கேட்காமல், சொந்த விஷயங்கள் எழுதியிருக்கிறேன். அதனால் அசல் கார்டுகளை அவரவரிடமே கொடுத்துவிடுவேன். அளவு அழிந்துபோன கார்டு ஒன்று, என் தவறு. வேறெதுவும் என்னிடம் இருக்காது.

இதை வாங்க மாட்டார்கள். விடுவிப்புக் கடிதம் வராது, வந்தாலும் பிப்ரவரிக்குள் வராது. அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்காருவார்கள். நல்ல வெளிச்சம் வரும் இடம், யார் உட்கார்ந்தாலும் கண் நன்றாகத் தெரியும். சகாயராஜ் சார் சங்கடப்படுவார். அவர் பெயரை எதிலும் எழுத மாட்டேன்.

ஒரு நாளைக்குப் பத்து வீடு என்று போனாலும் சித்திரை தாண்டிவிடும். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும், எழுதியதற்கு. சிலர் திட்டுவார்கள். அந்த டீச்சர் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இறந்துபோனவர்களின் கார்டு நாற்பதுக்குமேல் இருக்கிறது. அவற்றை மட்டும் ஈஸ்வரனிடம் கொடுக்க வேண்டும், மட்டையோடு எரிக்க. எருத்தேம்பதி அம்மாவின் கார்டும் அதில் இருக்கிறது, போன வருடம் போய்விட்டார்.

முதல் கார்டு வேலாத்தாளுக்கு. மருமகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.

ஈஸ்வரனிடம் சொல்லவில்லை. காலையில் கேட்டார், "என்ன, முகம் தெளிஞ்சிருக்குது?" காற்று நின்றுவிட்டதுங்க என்றேன். நிற்கவில்லை.

படிவத்துக்கு நீல மைப் பேனாதான் வேண்டுமாம். இருக்கிறது, கிறுக்கிப் பார்த்துவிட்டேன், எழுதுகிறது. பஸ் ஸ்டாண்டில் ஹாரன். பதினோரு மணி பஸ்ஸாக இருக்காது, இன்னும் நேரம் இருக்கிறது. இல்லை, அதுதான். சகாயராஜ் சார் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்.